டம்ளரில் முழுகிய காசு

மாடிவீடு: காசு முழுகினா இந்தக் குளிர்பெட்டி கெட்டுப் போச்சுன்னு அர்த்தமா? யாருடி உனக்கு இந்த ஜோசியத்தைச் சொன்னது?

கீழ்வீடு: ஜோசியம் இல்லக்கா, சோதனை. ஒரு டம்ளர்ல தண்ணி ஊத்தி, அந்தப் பக்கம் உறையிற அறையில வச்சேனா... அது கல்லு மாதிரி ஆனதும் மேல ஒரு காசை வச்சேன். மூடிட்டு, நேத்துக் காலைல ஏழு மணிக்கு மூணு பேரும் கிளம்பிட்டோம்.

மாடிவீடு: சரி.

கீழ்வீடு: இன்னைக்குக் காலைல திறந்து பார்க்குறேன். காசு டம்ளர் அடியில கிடக்குது. அது மேல ஐஸ்.

மாடிவீடு: அடியிலயா!

கீழ்வீடு: தரையைத் தொட்டுக்கிட்டு. அப்படின்னா நடுவுல ஐஸ் உருகியிருக்கு, காசு முழுகியிருக்கு, அப்புறம் மறுபடி உறைஞ்சிருக்கு. நாங்க வீட்டுல இல்லாத நேரத்துல இந்தப் பெட்டி செத்துப் பிழைச்சிருக்குக்கா.

மாடிவீடு: ஐயய்யோ... ஒரு காசு இவ்வளவு பேசுமா?

கீழ்வீடு: பேசுது பாருங்க.

மாடிவீடு: கரண்ட் போயிருக்கும்டி.

கீழ்வீடு: நேத்து கரண்ட் போகலையே. போயிருந்தா உங்களுக்குத் தெரியாதா? கரண்ட் போன அடுத்த நிமிஷம், "ஜூஸ் போட்டுக்கோடி"ன்னு ஐஸ் தட்டைத் தூக்கிக்கிட்டு மாடியில இருந்து இறங்கிடுவீங்களே.

மாடிவீடு: ...அது சும்மா, உருகிப் போகுதேன்னு.

கீழ்வீடு: உருகிப் போற சாக்குல எங்க வீட்டுல என்ன நடக்குதுன்னு ஒரு பார்வை.

மாடிவீடு: பார்த்தா கண்ணு என்ன தேய்ஞ்சா போகும்? சரி, பெட்டி இப்ப ஓடுதா இல்லையா?

கீழ்வீடு: ஓடுது. இந்தப் பக்கம் நாலுன்னு காட்டுது, அந்தப் பக்கம் மைனஸ் பதினஞ்சு. எல்லாம் ஒழுங்கா இருக்கிற மாதிரி மூஞ்சியை வச்சிருக்கு. அதுதான் எனக்குப் பயம். நேத்து பாதி நாள் என்ன காட்டிச்சுன்னு யாருக்குத் தெரியும்?

மாடிவீடு: இப்ப என்னங்கிற?

கீழ்வீடு: கடைக்காரன் இன்னைக்கு ஏழு மணி வரைக்கும் டைம் குடுத்திருக்கான். அதுக்குள்ள திருப்பிக் குடுத்துடப் போறோம்.

மாடிவீடு: குடுத்துட்டு?

கீழ்வீடு: குடுத்துட்டு... டூர் இல்ல.

மாடிவீடு: என்னது!

கீழ்வீடு: மெதுவாக்கா. குட்டி உள்ள இருக்கா.

மாடிவீடு: நாளைக்குக் காலைல கிளம்பணும்! அந்தப் பிள்ளை ஒரு வாரமா டார்ச்சை என் மூஞ்சியில அடிச்சு, "இது டென்ட்டுக்குள்ள படிக்கிறதுக்கு பெரியம்மா"ன்னு சொல்லிக்கிட்டு இருக்கு. ரெண்டு வருஷமா எங்கயும் கூட்டிட்டுப் போகாம வச்சிருந்துட்டு, இப்ப எட்டு நாள் டென்ட்டுன்னு ஆசை காட்டிட்டு... ஒரு பெட்டிக்காகவா?

கீழ்வீடு: பெட்டி இல்லாம போக முடியாதுக்கா.

மாடிவீடு: ஏன், ஐஸ் அள்ளிப் போட்டுக்கிட்டு ஒரு தெர்மோகோல் பெட்டியில...

கீழ்வீடு: அது ஒரு நாள்ல தண்ணியாயிடும். ஐஸ் ஒட்டினா உறைஞ்சும் போயிடும். ரெண்டுமே ஆகாது. ஒரே சீரா இருக்கணும். சூடாகவும் கூடாது, உறையவும் கூடாது.

மாடிவீடு: அதுவும் சரிதான்.

கீழ்வீடு: என்னக்கா, எதுக்குன்னு கேட்கலையா?

மாடிவீடு: பாலுக்குத்தானே?

கீழ்வீடு: ...ஆமா. பாலுக்குத்தான்.

மாடிவீடு: பால் கெட்டா பெரிய தொல்லைதான்.

வீட்டுக்காரர்: அட்டைப்பெட்டி கிடைச்சிடுச்சு, டேப்தான் கிடைக்கலை. வாங்கக்கா. துக்கம் விசாரிக்க வந்தீங்களா?

மாடிவீடு: நீயாவது சொல்லு தம்பி. ஒரு காசை நம்பி டூரை நிறுத்துறா உன் பொண்டாட்டி.

வீட்டுக்காரர்: நான் என்ன சொன்னாலும் எடுபடாதுக்கா. முதல்ல நான் தேர்ந்தெடுத்த பெட்டியோட என் மரியாதை போயிடுச்சு.

கீழ்வீடு: போகாம? கையில தூக்கினா இறகு மாதிரி இருக்குன்னு ஒண்ணை வாங்கிட்டு வந்தார்க்கா. கார்ல சொருகி, வெயில்ல நிறுத்தி, உள்ள ஒரு சாக்லேட் வச்சேன். ரெண்டு மணி நேரத்துல கரண்டியால எடுத்துக் குடிக்கிற பக்குவம்.

வீட்டுக்காரர்: அதுல கம்ப்ரஸர் இல்லைன்னு எனக்கு எப்படித் தெரியும்? வெளியில இருக்கிற சூட்டை விட இருபது டிகிரி கம்மி பண்ணும்னு போட்டிருந்தான். பண்ணிச்சு. வெயில்ல நின்ன காருக்குள்ள அறுபது. நான் கண்ணாடிக் கடைக்காரன், லென்ஸ் எடுக்கச் சொல்லு, அரை பாயிண்ட் பிசகாது.

மாடிவீடு: அது நிஜம். ரெண்டு வருஷம் முன்ன நீ போட்டுக் குடுத்த கண்ணாடிதான் இது. ஊசியில நூல் கோர்க்கிறேன்.

கீழ்வீடு: ரெண்டாவது பெட்டி கம்ப்ரஸரோடதான் வந்துச்சு. ஆனா பின் சீட்டுல அதை வச்சா குட்டிக்குக் காலை நீட்ட இடமில்லை.

மாடிவீடு: மடக்கி உட்காரட்டுமே... இல்ல, வேண்டாம். நீட்டித்தான் உட்காரணும்.

கீழ்வீடு: என்ன?

மாடிவீடு: இல்லடி, தூரப் பயணம். பிள்ளைக்குக் கால் வலிக்கும்ல. யாருக்கும் வலிக்கும். எனக்கே வலிக்கும்.

கீழ்வீடு: ...மூணாவதுதான் இது. அளவு சரி, ரெண்டு அறை இருக்கு, கார்லயும் ஓடும், வீட்டுலயும் ஓடும், சத்தமும் இல்ல. குட்டியே தேர்ந்தெடுத்தா. பேர்கூட வச்சுட்டா.

மாடிவீடு: பெட்டிக்கா?

வீட்டுக்காரர்: "குளிர்ராசா".

மாடிவீடு: ஐயோ பாவமே... ராசாவை அட்டைப்பெட்டியில அடைச்சு அனுப்பப் போறீங்களா!

வீட்டுக்காரர்: உள்ள இருக்கிறதை எல்லாம் எடுத்தாச்சா? தண்ணி பாட்டில் ரெண்டு, எலுமிச்சம்பழம் நாலு... இது என்ன? காய்ச்சல் பார்க்குற தெர்மாமீட்டரா?

கீழ்வீடு: அது பாட்டிலுக்கு அடியில கிடந்துச்சு. குட்டி வேலையா இருக்கும். குளிர்ராசாவுக்கு ஜுரம் பார்த்திருப்பா.

மாடிவீடு: பிள்ளைங்கன்னா அப்படித்தான். குடு, நான் மேசையில வச்சுடறேன்.

கீழ்வீடு: இருக்கட்டும்க்கா, என் கையில இருக்கட்டும்.

மாடிவீடு: ...ஏன்டி, நான் ஒண்ணு கேட்கிறேன். காசு கனமா இருந்தா ஐஸைக் குடைஞ்சுக்கிட்டு தானா இறங்காதா?

வீட்டுக்காரர்: காசு என்ன துளைபோடுற மெஷினாக்கா?

மாடிவீடு: இல்ல, பூனை ஏதாவது...

கீழ்வீடு: பூனை மூடியைத் திறந்து, ஐஸை உருக்கி, மறுபடி மூடிட்டுப் போச்சா?

மாடிவீடு: இந்தத் தெருப் பூனைங்களை உனக்குத் தெரியாது. சரி, எறும்பு... எறும்பு வேண்டாம். வோல்டேஜ்! வோல்டேஜ் கம்மியாகி இருக்கும். என் வீட்டு ஃபேன் நேத்து மெதுவாத்தான் சுத்திச்சு.

கீழ்வீடு: உங்களுக்கு ஏன்க்கா இந்தப் பெட்டி மேல இவ்வளவு கரிசனம்?

மாடிவீடு: எனக்கென்ன கரிசனம்? நல்ல பெட்டியைக் கெட்டதுன்னு சொன்னா மனசு கேட்கலை.

கீழ்வீடு: நல்ல பெட்டின்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

மாடிவீடு: பார்த்தா தெரியாதா? லட்சணமா இருக்கு.

கீழ்வீடு: நேத்து நீங்க கீழ வந்தீங்களா?

மாடிவீடு: நானா! நான் எதுக்கு வர்றேன்? பூட்டின வீட்டுக்குள்ள நான் எதுக்குடி வர்றேன்?

கீழ்வீடு: அவசரத்துக்கு இருக்கட்டும்னு ஒரு சாவி உங்ககிட்ட குடுத்திருக்கோமே.

மாடிவீடு: அவசரம் வரலையே. அது ஆணியில தொங்குது. நீங்க கூடாரம் வாங்கப் போறோம்னு காலைல போனவங்க. சாயங்காலம் ஏழு மணிக்கு, கூடாரமும் இல்லாம கையில ஒரு ஃபைலோட... ஹும். நான் ஏதாவது கேட்டேனா?

வீட்டுக்காரர்: டென்ட் வேற ஒருத்தர்கிட்ட இரவல் கிடைச்சிடுச்சுக்கா.

மாடிவீடு: நான்தான் கேட்கலைன்னு சொல்றேனே தம்பி.

கீழ்வீடு: அதான் எனக்கு ஆச்சரியம். மூணாம் வீட்டுத் தையல்காரர் தலையில இருக்கிறது விக்குன்னு, அவர் குளிச்சு முடிக்கிறதுக்குள்ள தெருவுக்கே சொன்னவங்க நீங்க.

மாடிவீடு: காத்து அடிச்சுது, பறந்துச்சு. தெருவே பார்த்துச்சு. நான் பார்க்காதவங்களுக்கு மட்டும்தான் சொன்னேன்.

வீட்டுக்காரர்: டேப் கிடைச்சிடுச்சு. மணி அஞ்சரை. நான் பிளக்கைக் கழட்டவா?

கீழ்வீடு: கழட்டுங்க.

மாடிவீடு: இரு தம்பி... குட்டிகிட்ட சொல்லிட்டீங்களா?

கீழ்வீடு: இன்னும் இல்ல. பெட்டியைக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்து சொல்லணும். ஃப்ரிட்ஜ் கதவுல ஒரு லிஸ்ட் ஒட்டி வச்சிருக்கா பாருங்க. எட்டு நாளுக்கு எட்டு கட்டம். நாளைக்கு முதல் கட்டத்துல டிக் போடணும்னு பேனாவை நூல்ல கட்டித் தொங்க விட்டிருக்கா.

வீட்டுக்காரர்: நகருங்கக்கா, தூக்கணும்.

மாடிவீடு: இரு தம்பி, இரு.

வீட்டுக்காரர்: அக்கா, கதவை மறைச்சுக்கிட்டு நிக்கிறீங்க.

மாடிவீடு: கீழ வை.

வீட்டுக்காரர்: என்னக்கா?

மாடிவீடு: பெட்டியைக் கீழ வை தம்பி. அது மேல ஒரு தப்பும் இல்ல. நான் வந்தேன்.

கீழ்வீடு: எப்ப?

மாடிவீடு: நேத்து. செடிக்குத் தண்ணி ஊத்தலாம்னு...

கீழ்வீடு: எந்தச் செடிக்கு?

மாடிவீடு: அதோ, ஜன்னல்கிட்ட. வாடியிருந்துச்சு.

கீழ்வீடு: அக்கா, அது பிளாஸ்டிக்.

மாடிவீடு: ...பிளாஸ்டிக்கா! ஐயய்யோ, நாலு வருஷமா "பரவாயில்லையே, இலையே உதிர மாட்டேங்குதே"ன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

வீட்டுக்காரர்: அக்கா, விஷயத்துக்கு வாங்க.

மாடிவீடு: வர்றேன், வர்றேன். பெட்டியைப் பார்க்கத்தான் வந்தேன், போதுமா? நீங்க தெருமுனை திரும்பினதும் வந்துட்டேன். திறந்தேன். தண்ணி பாட்டிலை எடுத்து ஒரு வாய் குடிச்சேன். பல்லு கூசி, தூக்கிவாரிப் போட்டுச்சு. அந்த அதிர்ச்சியில கை தவறி, பாட்டில் தண்ணி நேரா பிளக் மேல.

கீழ்வீடு: அடக் கடவுளே!

மாடிவீடு: நானும் அதைத்தான் சொன்னேன். பிளக்கைப் பிடுங்கிட்டேன். துடைச்சேன். காயட்டும், பத்து நிமிஷத்துல வந்து சொருகிடலாம்னு மேல போனேன். போன இடத்துல தங்கச்சி ஃபோன் பண்ணிட்டா.

வீட்டுக்காரர்: எவ்வளவு நேரம் பேசினீங்க?

மாடிவீடு: கொஞ்ச நேரம்தான். அப்புறம் சாப்பிட்டேன், படுத்தேன், எழுந்திரிச்சு காபி போட்டேன். ரெண்டாவது வாய் குடிக்கிறப்போ ஞாபகம் வந்துச்சு.

கீழ்வீடு: அப்ப மணி என்ன?

மாடிவீடு: அஞ்சே முக்கால்.

வீட்டுக்காரர்: பத்தரை மணி நேரம்!

மாடிவீடு: கத்தாத தம்பி, தெருவுக்கே கேட்கும். ஓடி வந்து பார்த்தா மூடி வேற ஒரு விரல் அகலம் திறந்து கிடக்கு. மேற்கு வெயில் நேரா அது மேல. மூடிட்டு, பிளக்கைச் சொருகிட்டு, "சீக்கிரம் குளிராகிடு ராசா"ன்னு சொல்லிட்டுப் போயிட்டேன். யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சேன். நீ உள்ள ஒரு காசை வேவு பார்க்க வச்சிருப்பேன்னு நான் கனவா கண்டேன்?

கீழ்வீடு: எந்தப் பக்கத்து ஓட்டையில சொருகினீங்க?

மாடிவீடு: வலது பக்கம். இடது பக்கம் ஈரமா இருந்துச்சு... ஏன்?

கீழ்வீடு: நான் இடது பக்கம் சொருகிட்டுப் போனேன். இன்னைக்குக் காலைல பார்த்தா வலது பக்கம் இருந்துச்சு.

மாடிவீடு: அடிப்பாவி! அப்ப தெரிஞ்சுக்கிட்டேதான் என்னை ஒரு மணி நேரமா வறுத்தெடுத்தியா?

கீழ்வீடு: நீங்க வந்தீங்கன்னு தெரியும். எவ்வளவு நேரம் பிடுங்கியிருந்துச்சுன்னு தெரியாது. ரெண்டு நிமிஷம் பிடுங்கிட்டு சொருகியிருந்தீங்கன்னா, அப்புறம் ஐஸ் உருகினது பெட்டியோட கோளாறு. அது நாளைக்கு நடுவழியில மறுபடி நின்னா? உங்க வாயால கேட்டாத்தான் இதை நம்பி நான் கிளம்ப முடியும். அதுக்குத்தான் இவரை டேப்பைத் தேடச் சொன்னேன்.

வீட்டுக்காரர்: டேப் பாக்கெட்லதான்க்கா இருந்துச்சு. மதியத்துல இருந்து தேடிக்கிட்டு இருக்கேன்.

மாடிவீடு: கண்ணாடி போடுற கையா இது? நாடகக் கொட்டகையில இருக்க வேண்டிய ஆளு நீ!

வீட்டுக்காரர்: அப்ப பெட்டி நல்ல பெட்டி.

கீழ்வீடு: நல்ல பெட்டி. பத்தரை மணி நேரம் கிடந்து, அப்புறம் ஒரே மூச்சுல மைனஸ் பதினஞ்சுக்கு இறங்கியிருக்கு. கடைக்காரனுக்கு ஃபோன் பண்ணிச் சொல்லிடுங்க, வச்சுக்கிறோம்னு.

மாடிவீடு: அப்பாடா... நாளைக்குக் கிளம்புறீங்கல்ல? பிள்ளைக்கு டிக் போட வழி பண்ணியாச்சு. நான் வர்றேன்டி.

கீழ்வீடு: நில்லுங்கக்கா. இந்தத் தெர்மாமீட்டர் குட்டியோடது இல்ல. அவளோடது பச்சை.

மாடிவீடு: பச்சையா!

கீழ்வீடு: உங்களோடதா?

மாடிவீடு: உன் கண்ணுல ஒண்ணும் தப்பாது. என்னைச் சொல்றாங்க!

கீழ்வீடு: பெட்டியைப் பார்க்க வர்றவங்க இதை எதுக்கு எடுத்துட்டு வந்தீங்க?

மாடிவீடு: மேல நாலுன்னு ஓடுதே, அது கடைக்காரன் பேச்சு. நிஜமாவே உள்ள எவ்வளவு இருக்குன்னு நம்ம கையால ஒரு தடவை பார்த்துடலாம்னு... வச்சேன். அது என்னடான்னா எவ்வளவு நேரம் வச்சாலும் "லோ"ன்னே காட்டுது.

வீட்டுக்காரர்: காய்ச்சல் பார்க்குறது அப்படித்தான்க்கா காட்டும்! அது முப்பதுக்கு மேலதான் எண்ணும்.

மாடிவீடு: எனக்கு எப்படித் தெரியும்? ரெண்டுக்குக் கீழயும் போகக் கூடாது, எட்டுக்கு மேலயும் போகக் கூடாது, அது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

கீழ்வீடு: ...என்ன சொன்னீங்க?

மாடிவீடு: ஒண்ணும் சொல்லலை.

கீழ்வீடு: ரெண்டு, எட்டு... அதை நான் உங்ககிட்ட சொல்லவே இல்லையே. யார்கிட்டயுமே சொன்னதில்லையே.

மாடிவீடு: பாலுக்கு...

கீழ்வீடு: பாலுக்கு யாரும் அப்படிக் கணக்கு வைக்க மாட்டாங்கக்கா. உங்களுக்கு எப்படித் தெரியும்?

மாடிவீடு: உங்க வீட்டு ஃப்ரிட்ஜ்ல, வெண்ணெய் வைக்கிற தட்டுல, நீள அட்டைப்பெட்டி... ஒரு தடவை மாவுப் பாத்திரத்தைத் திருப்பி வைக்கத் திறந்தேன். தம்பி போட்டுக் குடுத்த புதுக் கண்ணாடி. பொடி எழுத்தெல்லாம் பளிச்சுன்னு தெரிஞ்சுது. பெட்டியில குட்டி பேர் எழுதியிருந்துச்சு. உள்ள மடிச்சு வச்சிருந்த காகிதத்தையும் படிச்சுட்டேன். மூட்டு வீக்கம், பதினஞ்சு நாளைக்கு ஒரு ஊசி...

வீட்டுக்காரர்: அக்கா... அது எப்ப?

மாடிவீடு: கண்ணாடி வாங்கின வாரம்.

கீழ்வீடு: ரெண்டு வருஷமாச்சா!

மாடிவீடு: டூர்ல மூணாவது நாள் ஊசி நாள் வருது. நான் காலண்டர்ல எண்ணிப் பார்த்தேன். பெட்டி மக்கர் பண்ணிடுமோன்னு பயமா இருந்துச்சு. அதான் வந்தேன்.

கீழ்வீடு: எத்தனை பேருக்குத் தெரியும்? மறைக்காம சொல்லுங்க. "நொண்டின்னு கூப்பிடுவாங்கம்மா, யார்கிட்டயும் சொல்லாதே"ன்னு அவ என் கையைப் பிடிச்சு சத்தியம் வாங்கியிருக்கா. யார் யார்கிட்ட சொன்னீங்க?

மாடிவீடு: யார்கிட்டயும் இல்ல.

கீழ்வீடு: தையல்காரர் வீட்டுல?

மாடிவீடு: இல்ல.

கீழ்வீடு: உங்க தங்கச்சிகிட்ட?

மாடிவீடு: இல்லடி. நாக்கு எத்தனை நாள் துடிச்சுது தெரியுமா? அதை அடக்கத்தான் விக்கு கதையைச் சொல்லி ஆத்திக்கிட்டேன்.

வீட்டுக்காரர்: உட்காரு நீ. இந்தா, தண்ணி குடி.

கீழ்வீடு: அக்கா... அப்ப ஒவ்வொரு தடவை கரண்ட் போறப்பவும், "ஜூஸ் போட்டுக்கோ"ன்னு ஐஸ் தட்டோட ஓடி வந்தது... அந்த ஊசிக்காகவா?

மாடிவீடு: பின்ன? கரண்ட் இல்லாத வீட்டுல மிக்ஸி எப்படிடி ஓடும்?